சேலத்திலும் ஏற்காட்டிலும் கட்டடம் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: ரிஸ்க், செலவு, வேலைத் தரம்

சேலம் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏற்காட்டு மலையிலும் சொந்த வீடு, கடையோடு சேர்ந்த மாடி வீடு, சிறிய தங்கும் விடுதி கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சைட் பொறியாளர் என்ற முறையில் வீட்டுக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் பணம் கரைவது மண்ணுக்கு அடியிலும் காங்கிரீட்டுக்கு உள்ளேயும்தான். அதனால் பதில்களும் அங்கேதான் அதிகம் நிற்கின்றன.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டோம். இனிமேல் செலவு கூடினால் அது காண்ட்ராக்டர் பாடுதானே?

இல்லை. சதுர அடி ரேட்டில் எதெல்லாம் அடங்கும் என்று எழுதாத வரை, அடங்காத எல்லாமே உங்கள் பாடுதான். அஸ்திவாரத்துக்குக் கூடுதல் ஆழம், பாறை உடைப்பு, தரைமட்டம் உயர்த்த மண் நிரப்புவது, செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்ட் சுவர், தற்காலிக மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் பேச்சுக்கே வருவதில்லை. வேலை பாதியில் நிற்கும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஒரு முழுத்தாள் எடுத்து நான்கு பத்தி போடுங்கள். என்ன நடக்கலாம், நடந்தால் எவ்வளவு ஆகும், அதை யார் ஏற்பது, எந்தத் தேதிக்குள் தெரிந்துவிடும். உதாரணமாகப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டும் முதல் இரண்டு நாளிலேயே அது தெரிந்துவிடும். பாறை வந்தால் கன அடிக்கு என்ன ரேட் என்று இன்றே பேசி எழுதிவிட்டால் அன்றைக்குச் சண்டை வராது. பெரிய நிறுவனங்கள் இதை மென்பொருளில் செய்கின்றன. உங்களுக்கு ஒரு தாள் போதும். ஆனால் காண்ட்ராக்டரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், மாதம் ஒரு முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டும். இது தவிர, மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள் என்பது என் யோசனை. அந்தப் பணத்தை மாடுலர் கிச்சனுக்கு எடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி அஸ்திவாரம் போதுமென்று போட்டார்கள். நமக்கு மட்டும் எதற்கு மண் பரிசோதனை?

சேலத்து மண்ணில் பக்கத்து மனையை வைத்து நம் மனையைக் கணிக்க முடியாது. ஒரு தெருவில் இரண்டடியில் கெட்டிப் பாறை தட்டும். அடுத்த தெருவில் செம்மண் ஆழமாக இறங்கும். சில இடங்களில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் கரிசல் திட்டு இருக்கும். கரிசலில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சில வருடங்களில் சுவர் மூலைக்கு மூலை கோடு விடும்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது மூடிய கிணறுகளுக்கு. நகரைச் சுற்றியுள்ள பல மனைப்பிரிவுகள் ஒரு காலத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். கிணற்றில் கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி மூடி, மேலே இரண்டடி செம்மண் பரப்பிவிட்டால் பார்க்க நல்ல மனையாகத்தான் இருக்கும். நான்கு பில்லரில் ஒன்று அந்த நிரப்பின் மேல் உட்கார்ந்தால் அது மட்டும் தனியாக இறங்கும். ஒரே சீராக இறங்கும் வீடுகூடத் தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் இறங்கும் வீட்டில் பீம் விரியும். ஆகவே மனை வாங்கும் முன் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு எங்கே போகிறது என்று தெரியும். அப்புறம் அந்தப் பகுதியில் நெடுநாள் குடியிருக்கும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் "ஐயா, இங்கே கிணறு எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குச் செலவே கிடையாது.

திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான பகுதியிலோ பழைய ஏரிக்கரை ஓரத்திலோ மனை என்றால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்பதும் பரிசோதனையில் தெரிய வேண்டும். தரைத்தளத்தை எவ்வளவு உயர்த்துவது, சம்பை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

மண் பரிசோதனை அறிக்கை கையில் வந்தபின்தான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட வேண்டும். டிசைன் முடித்துவிட்டு ஒப்புக்காக மண் எடுப்பதில் பயன் இல்லை.

அனுமதி சுயச் சான்றிலேயே கிடைத்துவிட்டது. அரசே ஒப்புக்கொண்ட பிளான்தானே?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயச் சான்றுத் திட்டம் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கானது. அலைச்சல் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் சான்று கொடுப்பது நீங்கள். சுற்றிலும் விட வேண்டிய இடம், உயரம் போன்ற விதிகளுக்கு உட்பட்டுக் கட்டுவேன் என்று உறுதி சொல்கிறீர்கள். உங்கள் பீமில் எத்தனை கம்பி வேண்டும் என்று அங்கே யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்புக்குத் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்து வேண்டும்.

சேலத்தில் நில நடுக்கம் வருமா? கம்பி கட்டுபவர் வளையத்துக்கு வளையம் தகராறு பண்ணுகிறார்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. மிதமான ஆபத்து என்று பொருள். மூன்றாம் மண்டலம் என்றாலே ஐ.எஸ். 13920 சொல்லும் கம்பி விவரங்களும் பொருந்தும். அதில் முதல் விஷயம் பில்லரின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் கொக்கி. வளையத்தின் முனை 90 டிகிரியில் நின்றுவிடக் கூடாது. 135 டிகிரிக்கு மடங்கி, பில்லரின் உள்ளே குறைந்தது 65 மில்லிமீட்டர் நீள வேண்டும். 90 டிகிரி கொக்கி, அதிர்ச்சி வரும்போது பிரிந்துகொள்ளும். வளையம் இருந்தும் இல்லாத மாதிரிதான். கம்பி கட்டுபவருக்கு இது கூடுதல் வேலை என்பது உண்மை. ஆகவே கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு அவிழ்க்கச் சொன்னால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

கம்பி இறங்கியதும் எடை பாருங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி 4.74 கிலோ, 12 எம்.எம். கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். மொத்தமாக நிறுக்கும்போது 8 எம்.எம். கம்பியில் 7 சதவீதம் வரையும் 12 எம்.எம். கம்பியில் 5 சதவீதம் வரையும் வித்தியாசத்தைத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. பத்து 8 எம்.எம். கம்பி 44 கிலோவுக்குக் கீழே நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

தளம் போடும் நாளில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

அன்று எல்லோருக்கும் டீ, சாப்பாடு ஏற்பாடு செய்வதிலேயே வீட்டுக்காரர் நேரம் போய்விடுகிறது. அதை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மிக்சர் பக்கத்தில் நில்லுங்கள்.

1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் காங்கிரீட். எம்20 என்ற பலத் தரமுள்ள கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட். ஆக, பீம் கணக்கு போக தளத்துக்கு மட்டும் 95 மூட்டை வரை போக வேண்டும். எழுபதிலேயே தளம் முடிந்தால் கலவையிலோ கனத்திலோ கை வைத்திருக்கிறார்கள். காலி மூட்டைகளை ஒரு மூலையில் அடுக்கச் சொல்லி மாலையில் எண்ணுங்கள்.

அடுத்தது தண்ணீர். காங்கிரீட்டுக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இன்படி எம்20 கலவையில் ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர். கொட்டி இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஹோஸ் பைப்பைத் திருப்பிவிடுவார்கள். கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பின்னால் ஆவியாகி, போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். பலமும் குறையும், தளமும் ஒழுகும். அளவு குறித்த வாளியில் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனக் கலவை இருக்கிறது, பொறியாளர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முன்பே பரிசோதிக்கவும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்று காங்கிரீட் கொட்டும் முன்பே ஒரு சுற்று நடந்து பாருங்கள். தளத்துக்கு 20 எம்.எம்., பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்து வைப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். காங்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒன்று ஓடும்போது இன்னொன்று தயாராக இருக்கட்டும். நடுவில் ஒன்று நின்றுபோனால் அன்றைய வேலையே கெட்டுப்போகும்.

இந்த அளவு காங்கிரீட்டுக்கு இரண்டு தடவை மாதிரி எடுக்க வேண்டும், தடவைக்கு மூன்று கியூப் (பலம் பார்க்க அச்சில் ஊற்றும் காங்கிரீட் கட்டி). 15 சென்டிமீட்டர் கியூப் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். நான் கூடவே மூன்று கியூபை 7-ஆம் நாளுக்கென்று எடுத்து வைப்பேன். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் அப்போதே வந்திருக்க வேண்டும், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் கொஞ்சம் மெதுவாக வரும். மேல் மாடி ஏறுவதற்கு முன்பே நிலவரம் தெரிந்துவிடுகிறது அல்லவா?

சித்திரை, வைகாசி வெயிலில் விடிகாலையிலேயே ஆரம்பித்து மதியத்துக்குள் முடியுங்கள். சூடான காற்று மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சினால் தளம் இறுகும் முன்பே மயிர்க்கோடு விடும்.

சென்ட்ரிங்கை (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டுகளை) எப்போது பிரிக்கலாம்? வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துகிறார்கள்.

சாதாரண சிமென்டில், 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இந்தக் கணக்கில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பி.பி.சி. சிமென்ட் என்றால் பொறியாளர் நாளைக் கூட்டிச் சொல்வார். இன்னொன்று, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. சேலத்தில் அந்தக் கவலை இல்லை. ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகளில் 15-க்குக் கீழே இறங்கும். காங்கிரீட் இறுகுவதும் மெதுவாகும். கீழே பழகிய சென்ட்ரிங் ஆள் மேலேயும் அதே நாள் கணக்கில் பிரிக்க வருவார். விடாதீர்கள்.

நீராற்றுவது எத்தனை நாள்?

சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். பி.பி.சி. என்றால் 10, அதை 14 ஆக்குவது நல்லது. வறண்ட வெயிலில் எந்தச் சிமென்டானாலும் 10-க்குக் குறையக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள், பில்லரில் சாக்குச் சுற்றி நனையுங்கள்.

வேலை சரியான வேகத்தில் போகிறதா, கொடுத்த பணத்துக்கு வேலை நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பாதி முடிந்துவிட்டது" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். எதில் பாதி என்பதுதான் கேள்வி. ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்புப் பிரித்து எழுதிவிடுங்கள். உதாரணத்துக்கு 40 லட்ச ரூபாய், 10 மாத வேலை. பெல்ட் (அஸ்திவாரத்துக்கு மேல் சுற்றி ஓடும் பீம்) வரை 20 சதவீதம், சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) வரை 15, தளம் 20, பூச்சு 15, டைல்ஸ் 10, மின்சாரமும் பிளம்பிங்கும் 10, கதவும் பெயின்டும் 10.

ஐந்தாம் மாத முடிவில் தளம் முடிந்திருக்க வேண்டும் என்று திட்டம். அதாவது 55 சதவீதம், 22 லட்சம் மதிப்புள்ள வேலை. சைட்டில் போய்ப் பார்த்தால் சுவர் லிண்டல் வரைதான் வந்திருக்கிறது. 35 சதவீதம், 14 லட்சம். நீங்கள் இதுவரை கொடுத்ததோ 18 லட்சம். இந்த மூன்று எண்களும் போதும். 22-க்கு 14 என்பது வேகம் 0.64. இப்படியே போனால் 10 மாத வேலை ஏறக்குறைய 16 மாதம் இழுக்கும். 18-க்கு 14 என்பது பணத்தின் பயன் 0.78. நீங்களே பொருள் வாங்கிக் கூலிக்கு விட்டிருந்தால், இதே போக்கில் 40 லட்சம் 51 லட்சத்தைத் தாண்டும். முழு ஒப்பந்தம் என்றால் வேறு விதமான ஆபத்து: உங்கள் 4 லட்சம் வேலையாக மாறாமல் வெளியே நிற்கிறது. காண்ட்ராக்டர் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம்.

வேலை நின்றுபோய் வீட்டுக்காரர் தவிக்கும் கதைகளில் பெரும்பாலும் வேலைக்கு முன்னால் பணம் போயிருக்கிறது. ஆகையால் முன்பணம் சிறியதாக இருக்கட்டும், ஒவ்வொரு தவணையும் முடிந்து அளந்த வேலைக்கு மட்டும் போகட்டும். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும் வரை பிடித்து வைக்க முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். அதே நேரம், முடித்த வேலைக்கான தவணையைத் தள்ளிப் போடாதீர்கள். அதிலிருந்துதான் மேஸ்திரி சனிக்கிழமை கூலி கொடுக்கிறார். கூலி நின்றால் கொத்தனார் திங்கட்கிழமை வேறு இடம் போய்விடுவார். அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பொருள் விலை ஏறினால் யார் தாங்குவது?

சிமென்ட், கம்பி இரண்டுக்கும் இன்றைய விலையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் காண்ட்ராக்டருக்கு, அதற்கு மேல் பில்லைக் காட்டி இருவரும் பகிர்ந்துகொள்வது என்பது நியாயமான ஏற்பாடு. இறங்கினாலும் அதே விதி. சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையில் போட்ட கொட்டேஷன் கையில் இருந்தால் திருத்திக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தரைத்தளம்தான் பிளான். கட்டும்போதே மேலே ஒரு மாடி சேர்த்துவிடலாமா?

அஸ்திவாரம் தோண்டும் முன் என்றால் சரி, டிசைனை மாற்றலாம். பில்லர் எழும்பிய பிறகு என்றால், பொறியாளர் மறுபடி கணக்குப் போட்டு எழுத்தில் தராமல் ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பாரம் தாங்காத பில்லர் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு உடைவதில்லை.

ஏற்காட்டில் காட்டேஜ் கட்டப் போகிறோம். சேலத்தில் கட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய. முதலில் அனுமதி. ஏற்காட்டு மலைக் கிராமங்கள் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன. 1990-இல் தமிழ்நாடு அரசு அமைத்த குழுமம் இது. உள்ளாட்சி அனுமதியோடு முடிந்துவிடாது. வனம், புவியியல், வேளாண் பொறியியல் போன்ற துறைகளின் கருத்தும் தேவைப்படும். இதற்கான மாதங்களைத் திட்டத்தில் சேர்க்காமல் வங்கிக் கடனை எடுத்துவிட்டு வட்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது சரிவு. சமதளம் வேண்டும் என்று மலையை வெட்டி, வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளி, அந்தத் தளர்ந்த மண்ணின் மேல் பாதி வீட்டை வைப்பது மிக மோசமான வழி. வெட்டைக் குறைத்து, வீட்டைப் படிப்படியாக இறக்கி, எல்லா பில்லரையும் அசல் மண்ணிலோ பாறையிலோ நிறுத்துங்கள். பெரிய உருண்டைப் பாறை ஒன்றைக் கண்டதும் அடிப்பாறை என்று எண்ணிவிடக் கூடாது. அது மண்ணுக்குள் மிதக்கும் கல்லாக இருக்கலாம்.

தாங்குசுவர் விழுவதற்குப் பெரும்பாலும் மண்ணைவிடத் தண்ணீர்தான் காரணம். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் நாலரை டன் தள்ளும். சுவரில் நீர் வடியும் துளைகள், அவற்றின் பின்னால் ஜல்லி அடுக்கு, சரிவின் உச்சியில் மழைநீரைத் திருப்பிவிடும் வடிகால் ஆகிய மூன்றும் இல்லாத தாங்குசுவரை நான் சுவராகவே கணக்கில் எடுப்பதில்லை. வடிகாலை வீடு முடிந்த பிறகு கட்டலாம் என்று தள்ளாதீர்கள். முதல் வேலையே அதுதான். அந்தத் தண்ணீரைக் கீழே இருப்பவர் நிலத்தில் திருப்பிவிடாமல் ஓடைவரை கொண்டுபோய் விடுவதும் உங்கள் பொறுப்பு.

பொருள் ஏற்றுவது இன்னொரு கவலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழி இன்னொன்று இருந்தாலும் மழைக்காலத்தில் இரண்டையும் நம்பித் தளம் போடும் தேதியைக் குறிக்க முடியாது. ஆலையில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட்டை வண்டியில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. மலைப்பாதையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அந்தக் கணக்கு போய்விடும். அதனால் மேலேயே மிக்சர் வைத்துக் கலப்பதுதான் நம்பகமானது. தளத்துக்கு வேண்டிய ஜல்லி, எம்-சாண்ட் (பாறையை அரைத்துச் செய்யும் மணல்), கம்பி முழுவதும் வந்து சேர்ந்த பிறகே தேதி குறியுங்கள். சிமென்டை மட்டும் அதிகம் சேர்க்காதீர்கள். பனியிலும் ஈரத்திலும் கட்டி தட்டிவிடும். பலகை மேல் அடுக்கி, சுவரைத் தொடாமல், தார்ப்பாய் மூடி வையுங்கள்.

எம்-சாண்டை நம்பலாமா?

நம்பலாம், குவாரித் தூசாக இல்லாத வரை. கண்ணாடி டம்ளரில் மணலைப் போட்டுக் கலக்கி வையுங்கள். மேலே கெட்டியான தூசுப் படலம் படிந்தால் அந்த லோடை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ஏற்காதீர்கள். பூச்சுக்குப் பி-சாண்ட் என்ற நைசான மணலைத் தனியாக வாங்குங்கள்.

வேலையாட்களுக்கு அடிபட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும். வீட்டு சைட்களில் நான் முதலில் பார்ப்பது தெருவில் போகும் மின்கம்பியை. மாடிக்குக் கம்பி தூக்கும்போது 40 அடிக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து லைனைத் தொட்டால் முடிந்தது. வீட்டுக்கும் 11 ஆயிரம் வோல்ட் வரையான லைனுக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பி தூக்குவதற்கு அதுகூடப் போதாது. அந்தப் பக்கமாகத் தூக்காதீர்கள், முடியாவிட்டால் மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து அன்று லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

அஸ்திவாரக் குழி 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் குழிக்குள் ஆளை இறக்கும் முன் பக்கச் சுவரைப் பாருங்கள். மிக்சரும் கட்டரும் ஓடும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி கட்டாயம். வீட்டுச் செலவில் இது மிகச் சிறிய தொகை. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைக் காண்ட்ராக்டர் எடுத்திருக்கிறாரா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் பிரீமியத்தை ஒப்பந்தத் தொகையில் சேர்த்துக் கொடுத்தாவது எடுக்க வையுங்கள். அந்தச் சித்தாள் அக்கா மாலையில் வீடு திரும்ப வேண்டும்.

கட்டுவது இல்லை, ஃபிளாட் வாங்குகிறோம். எங்களுக்கு என்ன பாதுகாப்பு?

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் என்றால் அந்தத் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலாகும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து நீங்கள் எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். எழுதிக் கொடுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

கியூப் பரிசோதனை அறிக்கைகள், கம்பி, சிமென்ட் பில்கள், மண் அறிக்கை, ஸ்ட்ரக்சுரல் வரைபடம், கட்டும்போது மாற்றியதையெல்லாம் சேர்த்த கடைசி வரைபடம். சுவருக்குள் போகும் ஒயர், பைப்புகளைப் பூச்சுக்கு முன்பே அறை அறையாக அளவு டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். கழிவறைத் தளத்திலும் மொட்டை மாடியிலும் 48 மணி நேரம் நீர் நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பே கழிவறையில் இதைச் செய்துவிட வேண்டும், ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பி மறுநாள் மட்டம் குறைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கையில் வந்த பிறகு, பிடித்தம் 5 சதவீதம் போக மீதியை அன்றே கொடுத்துவிடுங்கள்.